முதிய நாய்க்காக வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி?

பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில் என் அம்மாவும் நானும் குடியிருக்கிறோம். செவலை என்ற பெண் நாய் எங்களோடு இருக்கிறது. சிப்பிப்பாறை நாய்க்குரிய நெடுங்காலும் ஒட்டிய வயிறும் கொண்ட கலப்பு நாய் அது. எங்களிடம் வந்தபோது அதற்கு ஏறத்தாழ 9 வயது. அதை வளர்த்தவர்கள் மகனோடு வசிப்பதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய்க்கு இடமில்லை, ஆகவே நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம். முதல்முறையாக முதிய நாய் ஒன்றை எடுத்து வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி நாய் வருவதற்கு முன்பே, உங்கள் வீட்டுத் தரையில் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் நான் அனுபவத்தில் கண்டது.

பொதுவாக 7 வயதைக் கடந்த நாயை முதிய நாய் என்று கொள்ளலாம். உடல் பெருத்த இனங்கள் அதற்கும் முன்பே முதுமை அடைகின்றன. முகவாயில் நரை, தேய்ந்த பற்கள், எழுந்திருக்கும்போது பின்னங்காலில் ஒரு தயக்கம், கண்மணியில் மெல்லிய நீலச் சாம்பல் படலம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த நீலப் படலம் எல்லா நாய்களிடமும் கண்புரை ஆகிவிடாது. பெரும்பாலும் வயதினால் கண்ணின் வில்லை (லென்ஸ்) இறுகுவதால் வருவது, பார்வையையும் அதிகம் கெடுப்பதில்லை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் கிட்டத்தில் இருக்கும் பொருளைச் சரியாகக் கணிக்க முடியாத நாய், கண்ணைவிட மூக்கையும் நினைவையும் நம்பியே நடக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

முதல் படி: தரையில் உட்கார்ந்து பாருங்கள்

நின்றபடி பார்த்தால் வீடு எப்போதும் ஒழுங்காகத்தான் தெரியும். தார்சா என்னும் முன்கூடத்தில், பட்டாசல் என்னும் நடுக்கூடத்தில், அடுக்களையில், ஒவ்வோர் இடத்திலும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டிலுக்கு அடியிலும் பீரோவின் பக்கவாட்டிலும் பாருங்கள். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு அண்டாக்கள், நாலைந்து பனையோலைப் பெட்டிகள், கயிறு கட்டிய பழைய நாளிதழ்கள், ஜவுளிக்கடைக் கட்டைப்பைகளுக்குள் திணித்த வேறு கட்டைப்பைகள் என எல்லாம் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. நனைந்த இந்தப் பொருள்களையெல்லாம் ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதே கட்டிலுக்கு அடியிலேயே வைத்தோம். அவற்றில் ஒன்றைக்கூட அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் பயன்படுத்தியதில்லை என்பது செவலை வரப்போகிறது என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது.

முதலில் தரை, அடுத்து சுவரோரம், கடைசியாகப் பரண் என்ற வரிசையில் போங்கள். பரணில் தொடங்குபவர்கள் பாதியிலேயே களைத்துப்போய், இறக்கிய பொருளைத் தரையிலேயே போட்டுவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஓர் அறைக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி: எதை வெளியே அனுப்புவது?

போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரைக்கும் ஒருமுறைகூடக் கைப்படாத பொருளைத் தனியாக எடுத்து வையுங்கள். நாளிதழும் அட்டையும் பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும். பெயர் வெட்டிய சீர்வரிசைப் பாத்திரங்களை எடைக்குப் போட அம்மா முதலில் மறுத்தார்கள். பாட்டியின் பெயர் வெட்டிய ஒரு குத்துப்போணியை மட்டும் அன்றாடப் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது என்று பேசி முடித்த பிறகுதான் மனம் ஒப்பினார்கள். யாரையும் வற்புறுத்திப் பொருளைப் பிரிக்காதீர்கள். வீட்டில் அந்த வருத்தம் நாயின் மேல் திரும்பிவிடும்.

பழைய நூல் சேலைகளையும் வேட்டிகளையும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம், நாய்க்குப் படுக்கை அவற்றில்தான் தைக்கப் போகிறீர்கள். முதிய நாயின் முழங்கைகளில் சதை குறைவாக இருப்பதால், வெறுந்தரையில் படுத்துப் படுத்து அந்த இடம் காய்ப்புக் காய்த்துப் புண்ணாகிவிடும். அழுத்தினால் தரை தட்டாத கனத்தில் ஒரு மெத்தையும், அதற்கு மூன்று உறைகளும் போதும். ஒன்று மெத்தையின்மேல், ஒன்று துவைக்க, ஒன்று கொடியில்.

நஞ்சாகும் பொருள்களை இந்தச் சமயத்திலேயே தேடி எடுத்துவிடுங்கள். பீரோவுக்கு அடியில் உருண்டுபோன அந்துருண்டை, அடுக்களை மூலையில் என்றோ வைத்து மறந்த எலி மருந்து, மேசை இழுப்பறையில் கிடக்கும் வலி மாத்திரைகள் ஆகிய மூன்றும் நாயின் உயிருக்கே ஆபத்தானவை. மனிதர்கள் விழுங்கும் பாராசிட்டமாலையோ டைக்ளோஃபெனாக்கையோ நாயின் கால்வலிக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

மூன்றாம் படி: உண்ணிக்கு ஒளிவிடம் இல்லாமல் செய்யுங்கள்

வீட்டில் பொருள் குறைய வேண்டும் என்று நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு உண்ணிதான் முதற்காரணம். நாயின் மேல் நாம் பார்க்கும் உண்ணி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக ஒருமுறை, இளம் உண்ணியாக ஒருமுறை, முதிர்ந்த பிறகு ஒருமுறை என மூன்று முறை இரத்தம் குடிக்க ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் கீழே உதிர்ந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் அடுக்கிவைத்த பொருள்களின் பின்னாலும் போய் ஒளிந்துகொள்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அப்படிப்பட்ட இடுக்கில் இட்டுவிட்டுச் சாகும்.

செவலை வந்த இரண்டாம் மாதம், நாங்கள் ஒதுக்காமல் விட்டிருந்த ஒரே ஒரு மூலையில், பழைய நாளிதழ்க் கட்டை நகர்த்தியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். சுண்ணாம்பு பெயர்ந்த சுவரில் கடுகளவு உண்ணிகள் வரிசையாக மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. கொட்டைமுத்து அளவுக்கு உப்பிய சாம்பல் நிற உண்ணி ஒன்று கட்டின் அடியில் ஒட்டியிருந்தது. அந்த வாரமே செவலை சாப்பாட்டை மறுத்தது, ஈறு வெளுத்துப்போயிற்று. நான் முதலில் காட்டிய இடத்தில் வெயில் சூடு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து வேறு மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. டாக்ஸிசைக்ளின் மருந்தை நான்கு வாரம் கொடுத்து மீட்டோம். உண்ணி பிடித்த நாய் சாப்பிட மறுத்தாலோ, அதற்கு மூக்கில் இரத்தம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ இரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஆகவே சுவருக்கும் பொருளுக்கும் இடையில் துடைப்பம் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். சுவர் வெடிப்பைச் சிமெண்டுப் பாலால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். நாயின் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்புறம் ஆகிய இடங்களை நாள்தோறும் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கவோ, நாயின் உடம்பில் மண்ணெண்ணெய் தடவவோ கூடாது. உண்ணி மருந்து நாயின் எடைக்கு ஏற்ப மாறும் என்பதால் அதை மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். வீட்டு இடுக்கில் இருப்பவையும் அழிய வேண்டுமானால் சில மாதங்கள் விடாமல் தொடர வேண்டும்.

நான்காம் படி: கால் வழுக்காத வழி

பழைய வீடுகளின் செங்கல் தளத்தில் நாய்க்குப் பிடிமானம் இருந்தது. இப்போதைய பளபளப்பான டைல்ஸ் தரையில் முதிய நாயின் பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துவிடும், மூட்டுவாதம் உள்ள நாய்க்கு அது பெரும் வேதனை. படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து புறவாசல் வரைக்கும் ஒரு பாதையை மட்டும் விரித்தால் போதும், வீடு முழுவதும் தேவையில்லை. பத்தமடைக் கோரைப்பாய் நமக்குக் குளிர்ச்சியாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது, டைல்ஸின் மேல் அது தானே வழுக்கும், நகம் பட்டுக் கோரையும் பிரிந்துவிடும். அடியில் ரப்பர் ஒட்டிய தென்னை நார் மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். நடை குறைந்த நாயின் நகம் தேயாமல் நீண்டு அதுவே வழுக்கலைக் கூட்டும். மாதம் ஒருமுறை நகத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வைத்த இடத்தை மாற்றாதீர்கள்

செவலை வந்த நான்காம் நாள் இரவு, காலியான கேஸ் சிலிண்டரை மறுநாள் கொடுப்பதற்காகப் பட்டாசல் சுவரோரமாக உருட்டி வைத்துவிட்டுப் படுத்தேன். நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த செவலை, மூன்று நாளில் பழகிய வழியில் சுவரை ஒட்டியே நடந்து வந்து, அந்தச் சிலிண்டரில் மூக்கு முட்டி நின்றுவிட்டது. சுற்றிப் போவதற்கு மூன்றடி இடம் இருந்தது. அது போகவில்லை, குரைக்கவும் இல்லை, தலையைத் தாழ்த்திச் சிலிண்டரை முகர்ந்தபடியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. அம்மாதான் எழுந்து பார்த்துவிட்டு, "ஏல, அது வழி தெரியாம நிக்குல்லா, அந்தச் சிலிண்டர எடுத்து அங்கிட்டு வையி" என்று என்னை எழுப்பினார்கள். எடுத்ததும் நேராகச் சட்டிக்குப் போய்க் குடித்தது.

படுக்கை, தண்ணீர்ச் சட்டி, சாப்பாட்டு இடம், வெளியே போகும் வாசல் ஆகிய நான்கையும் நாய் வருவதற்கு முன்பே முடிவு செய்து, பிறகு ஓர் அங்குலம்கூட நகர்த்தாதீர்கள். விருந்தாளிகளின் செருப்பும் பையும்கூட அந்தப் பாதையில் விழக் கூடாது. இரவில் அங்கே ஒரு சிறு விளக்கு எரியட்டும். தண்ணீருக்குக் கனமான மண்சட்டியே நல்லது, தட்டினாலும் நகராது, சித்திரை வெயிலிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

ஆறாம் படி: மருத்துவரிடம் காட்டுங்கள்

வந்த முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள். நெல்லையில் இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல், இதயம், மூட்டு ஆகியவற்றோடு இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முன்பு போட்ட தடுப்பூசிகளுக்கான அட்டை கிடைக்கவில்லை என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவார்கள். ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். மழைக்காலத்தில் எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கும் ஊசி உண்டு, ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டாம். புதிய நாய் பயத்தில் கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஏழாம் படி: சாப்பாடும் நடையும்

முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை இழுக்காமல் விடுங்கள், தானாக வரும். முன்பு வளர்த்தவர்கள் கொடுத்த உணவையே ஒரு வாரம் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சோற்றோடு அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, முள் எடுத்த மீன் என்று காலையும் மாலையுமாக இரண்டு வேளை போதும். நாம் சாப்பிடும் சாம்பாரும் சொதியும் வேண்டாம், அவற்றில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். பாசத்தில் ஒரு துண்டு அல்வா கொடுக்கத் தோன்றும், ஆனால் அவ்வளவு நெய்யையும் சர்க்கரையையும் முதிய நாயின் கணையம் தாங்காது.

காலை ஏழு மணிக்கு முன்னும், மாலையில் தரை ஆறிய பின்னும் மட்டுமே வெளியே கூட்டிப் போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. ஒரே நீண்ட நடையைவிடக் கால் மணி நேரமாக இரண்டு முறை நடப்பது மூட்டுக்கு இதம்.

எட்டாம் படி: ஒரு நோட்டு

தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மீதியைக் கழித்து எழுதுங்கள். 10 கிலோ எடையுள்ள நாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் சற்றுக் கூடும். தொடர்ந்து ஒரு லிட்டருக்கு மேல் போனால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடையையும் எழுதுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையை மட்டும் பார்த்துக் கழித்தால் போதும். சாப்பாடு குறையாமலே எடை இறங்கிக்கொண்டு வந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.