பனியில் ஓடும் ஃபேட் பைக்: எந்த ஃபோர்க், என்ன செட்டிங்

ஃபேட் பைக்குக்கு, அதாவது பருத்த டயர் சைக்கிளுக்கு, சஸ்பென்ஷன் ஃபோர்க் (அடியை வாங்கி அமுங்கும் முன் கவை) போடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஃபோர்க் அல்ல, டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை மட்டும் காட்டும் ஒரு நல்ல கேஜ். பனியில் 4 பி.எஸ்.ஐ.க்கும் 6 பி.எஸ்.ஐ.க்கும் நடுவில்தான் வண்டியின் குணமே மாறுகிறது. சாதாரண ஃப்ளோர் பம்பில் இருக்கும் கேஜ் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டுவதற்காகச் செய்தது. அதில் 4-ம் 6-ம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும்.

டயர்தான் முதல் சஸ்பென்ஷன். 4.6 அல்லது 4.8 அங்குல டயரைக் குறைந்த காற்றில் ஓட்டினால் சின்ன மேடு பள்ளங்களை அதுவே விழுங்கிவிடும். ஆனால் டயருக்கு, துள்ளலை அடக்கும் டேம்பர் கிடையாது. அமுங்கியது அப்படியே துள்ளித் திரும்பும். மெதுவாகப் போகும்போது இது தெரியாது. கெட்டியான பாதையில் வேகம் கூடும்போது வண்டி குதிக்க ஆரம்பிக்கும். அந்தக் குதிப்பை அடக்கத்தான் ஃபோர்க். இந்த வேலைப் பிரிவினை புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளத்தை டயர் பார்த்துக்கொள்ளும், துள்ளலையும் பெரிய அடியையும் ஃபோர்க் பார்த்துக்கொள்ளும்.

காற்றழுத்தம்

சுமார் 80 கிலோ எடையுள்ளவர், 80 மி.மீ. அகல ரிம், 4.6 முதல் 4.8 அங்குல டயர் என்று வைத்துக்கொண்டால், தொடங்குவதற்கான அளவுகள் இவை. உறைந்து கெட்டித்துப் போன பாதையில் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. மெஷின் ஓட்டி அமுக்கிய, இறுகிய பனிப்பாதையில் 5 முதல் 6. அதே பாதை இளகியிருந்தால் 4 முதல் 5. புதிதாக 10-15 செ.மீ. பொழிந்திருந்தால் 2 முதல் 4. பின் டயரில் முன் டயரைவிட அரை முதல் ஒரு பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்கட்டும், எடை அங்கேதான் அதிகம். எடை கூடக்கூட, சுமை ஏற ஏற, அளவையும் ஏற்றுங்கள்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. வண்டியில் ஏறி உட்கார்ந்து பின் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். மென்மையான பனிக்கு, தரையைத் தொடும் இடத்துக்கு மேலே மெல்லிய சுருக்கங்கள் தெரிய வேண்டும். சுவர் மடிந்து தொங்கினால் காற்று போதவில்லை. திரும்பும்போது ஹேண்டில்பார் தானாகவே உள்பக்கம் இழுத்தால் முன் டயரில் காற்று குறைவு, அரை பி.எஸ்.ஐ. ஏற்றினால் சரியாகிவிடும். உங்கள் தடம் 2-3 செ.மீ.க்கு மேல் ஆழமாகப் பதிந்தால் காற்றை இறக்குங்கள். அப்படியும் பதிந்தால் பாதை இன்னும் இறுகவில்லை என்று பொருள், அன்றைக்கு அந்தப் பாதையை விட்டுவிடுவது நல்லது. உறைந்த பிறகு அந்தப் பள்ளம் அடுத்து வருபவரின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்.

இனி, பலர் தவறவிடும் விஷயம். வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸில் 6 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு மைனஸ் 20 டிகிரியில் இறங்கினால், டயரில் மிஞ்சுவது சுமார் 3.2 பி.எஸ்.ஐ.தான். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டுமே. குளிரில் சுருங்குவதோ முழு அழுத்தம், அதாவது 6-உடன் வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்து 20.7. அது 17.9 ஆகக் குறைந்தால், கேஜில் 3.2 ஆகிவிடும், கிட்டத்தட்ட பாதி. அதே கணக்கில் ஃபோர்க்கில் அடித்த 60 பி.எஸ்.ஐ. சுமார் 50 ஆகும், ஆறில் ஒரு பங்குதான் குறைவு. குளிர் ஒன்றுதான் என்றாலும் டயருக்கு விழும் அடி பெரிது. ஆகவே டயரோ ஃபோர்க்கோ, வண்டியை ஒரு மணி நேரமாவது வெளியே நிறுத்திவைத்து, உலோகம் முழுக்கக் குளிர்ந்த பிறகு அங்கேயே காற்றைச் சரிசெய்யுங்கள்.

ஃபோர்க் தேவையா?

மென்மையான பனியில்தான் பெரும்பாலும் ஓட்டுவீர்கள் என்றால் தேவையில்லை. பனியே பள்ளங்களை நிரப்பிவிடும், வேகமும் குறைவு. 2005-ல் சர்லி கம்பெனியின் பக்ஸ்லி வந்து ஃபேட் பைக்கைப் பலர் கைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது அமுங்காத, சாதாரண ரிஜிட் ஃபோர்க்தான். நீண்ட தூரம், கடுங்குளிர், ஆளில்லாத இடம் என்றால் இன்றைக்கும் ரிஜிட் ஃபோர்க்கே என் தேர்வு. அதில் ஒழுக ஆயில் இல்லை, கெட்டிக்க சீல் இல்லை.

ஆனால் நடந்துபோனவர்களின் காலடிக் குழிகள் அப்படியே உறைந்து கல்லாகிப்போன பாதையைக் கவனித்திருப்பீர்கள். வேர்களும் பாறைகளும் துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய பனியும் அப்படித்தான். அங்கே டயர் காற்றை இறக்கினால் ரிம்மில் தட்டென்று அடிவாங்கும், ஏற்றினால் கை மரத்துப்போகும். பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில் ஓட்டுபவர்களுக்கும், கோடையிலும் அதே வண்டியை எடுப்பவர்களுக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் பலன் தரும்.

ஃபேட் பைக்குக்கென்று செய்த ஃபோர்க்குகள் சிலவே. 2014-ல் வந்த ராக்ஷாக்ஸ் ப்ளூட்டோவில் 32 மி.மீ. விட்டமுள்ள ஸ்டான்ஷன் (மேலிருந்து உள்ளே இறங்கும்) குழாய்கள். பின்னால் வந்த மானிட்டூ மாஸ்டடானில் அவை 34 மி.மீ., அதனால் முறுக்கம் குறைவு. எடையுள்ளவர்களுக்கு அதுவே பொருத்தம். மூன்றாவது, லாஃப் கார்பொனாரா. கார்பன் கால்களுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இலை ஸ்பிரிங்குகள், 60 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்), அவ்வளவுதான். காற்றும் இல்லை, ஆயிலும் இல்லை, அதனால் மைனஸ் 30-லும் அதன் குணம் மாறாது. டேம்பரும் இல்லாததால் பெரிய அடிகளில் துள்ளும், டயரின் துள்ளலோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்துக்கு மட்டும் ஒன்று வேண்டும், வேகம் பெரிதில்லை என்பவர்கள் இதை யோசிக்கலாம்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை மூன்று.

முதலில் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். ஃபேட் சஸ்பென்ஷன் ஃபோர்க்குகளுக்குப் பொதுவாக 15 மி.மீ. ஆக்ஸிலும் 150 மி.மீ. அகல முன் ஹப்பும் வேண்டும். பழைய வண்டிகளில் 135 மி.மீ. ஹப் இருக்கும். அது பொருந்தாது, முன் சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும். ஃபோர்க் விலையோடு இதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது உயரம், சக்கர அச்சான ஆக்ஸில் முதல், ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் கிரவுன் வரை. 100 மி.மீ. டிராவல் உள்ள ப்ளூட்டோ 511 மி.மீ. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் கால்வாசி அமுங்கி 486 ஆகும். ஃப்ரேம் 480-490 அளவுள்ள ரிஜிட் ஃபோர்க்குக்காகச் செய்யப்பட்டிருந்தால் எல்லாம் சரி. 450 அளவுக்குச் செய்த பழைய ஃப்ரேமில் இதைப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். 20 மி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்ற கணக்கில் ஃபோர்க்கின் சாய்வுக் கோணமான ஹெட் ஆங்கிள் படுத்துவிடும். முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, பனியில் திரும்பும்போது வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். ஹேண்டில்பாரை இறக்கி ஓரளவு சமாளிக்கலாம், முழுதாகச் சரியாகாது.

கடைசியாக இடைவெளி. ஃபோர்க்கின் காற்றை முழுக்க இறக்கி, கடைசிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, டயருக்கும் கிரவுனுக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். பக்கங்களிலும், கால்களை இணைக்கும் ஆர்ச்சின் கீழும் குறைந்தது 6 மி.மீ. இருக்கட்டும். டயரில் ஒட்டிய ஈரப்பனி உறைந்தால் அந்த இடத்தை நிரப்பிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும்.

முழு சஸ்பென்ஷன் வண்டிகளும் உண்டு, சால்ஸா கம்பெனி முன்பு செய்த பக்ஸா அதில் ஒன்று. பனிக்காக மட்டும் அதை வாங்கத் தேவையில்லை. லிங்க் இணைப்புகளில் பனி அடைந்து இறுகும், பின் ஷாக்கிலும் அதே சீல், ஆயில் தொல்லைதான். இடுப்புக்கு இதம் வேண்டுமென்றால் சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் போதும், ஆனால் உலோக ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள். ரப்பர் போன்ற எலாஸ்டோமர் வைத்தவை குளிரில் கட்டைபோல் ஆகிவிடும்.

குளிருக்கு ஃபோர்க்கைத் தயார் செய்தல்

குளிரில் ஃபோர்க்குக்கு நேர்வது மூன்று: காற்று சுருங்குகிறது, ஆயில் தடிக்கிறது, சீல் விறைக்கிறது. முதலாவதற்கு மருந்து மேலே சொன்னதுதான். மற்ற இரண்டுக்கும் குளிர் தொடங்குமுன் ஒரு சர்வீஸ் செய்துவிடுங்கள்.

கீழ்க் கால்களான லோயர்களைக் கழற்றி, பழைய ஆயிலை வடித்து, ஸ்டான்ஷனைத் துடைக்கும் வைப்பர் சீலையும் அதன் கீழுள்ள ஃபோம் ரிங்கையும் சுத்தம் செய்யுங்கள். விளிம்பு வெடித்த சீலை மாற்றிவிடுங்கள், கோடையில் சமாளித்தது குளிரில் ஒழுகும். லோயரில் ஊற்றும் ஆயிலின் அளவு, கம்பெனி சொன்ன அதே மி.லி. இருக்கட்டும். கூட ஊற்றினால் உள்ளே இடம் குறைந்து ஃபோர்க் கடைசிவரை அமுங்காது. சீலுக்குக் குளிரில் இறுகாத மெல்லிய சஸ்பென்ஷன் கிரீஸை லேசாகத் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டாம். காற்று அறைக்குள்ளும் கிரீஸை அப்பாதீர்கள். ஃபோர்க்கை மேலே தள்ளும் பாசிட்டிவ் அறைக்கும் கீழே இழுக்கும் நெகட்டிவ் அறைக்கும் நடுவே காற்று கடக்கும் வழி மிகச் சின்னது. கிரீஸ் அங்கே அடைத்துக்கொண்டால் இரு பக்கமும் சமமாகாமல் ஃபோர்க் கீழே உறிஞ்சிக்கொண்டு நிற்கும். ஓட்டுபவர் காற்று போய்விட்டது என்று நினைத்து மேலும் மேலும் அடிப்பார். அப்போது ஷாக் பம்பை மாட்டியபடியே ஃபோர்க்கை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அமுக்கி எடுங்கள். பெரும்பாலும் சமமாகிவிடும்.

டேம்பர் ஆயில் தடிக்கும்போது முதலில் கெடுவது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய பின் எழும் வேகம். அமுங்கிய ஃபோர்க் மெதுவாக எழும், எழுமுன் அடுத்த அடி வந்துவிடும், நாலைந்து அடிகளில் டிராவலே இல்லாமல் போய்விடும். கட்டையாக இருக்கிறதே என்று காற்றை இறக்குபவர்கள் உண்டு, அது நிலைமையை மோசமாக்கும்.

ஒழுங்கு இதுதான். வண்டி வெளியே குளிர்ந்த பிறகு, கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகம்) டயலை முழுக்கத் திறங்கள். குளிர்கால உடையோடும் பையோடும் ஏறி நின்று, ஸ்டான்ஷனில் உள்ள ஓ-ரிங்கைக் கீழே தள்ளிவிட்டு மெதுவாக உட்கார்ந்து இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் ஓ-ரிங் 20 முதல் 25 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும், அதற்கேற்பக் காற்றை ஏற்றி இறக்குங்கள். பிறகு ரீபவுண்ட். முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், கோடையில் அதே எண் வேண்டும். பாதி டிராவல்வரை அமுக்கிக் கையை எடுங்கள். தயங்கித் தயங்கி எழுந்தால் இரண்டு கிளிக் திறந்து மறுபடி பாருங்கள். முழுக்கத் திறந்தும் மந்தமாக இருந்தால் ஆயிலை மாற்ற வேண்டியதுதான். 5 வெயிட் (ஆயிலின் தடிப்பு எண்) இருந்த இடத்தில் 2.5 வெயிட் போடுவது வழக்கம். ஆனால் அந்த வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். டப்பாவில் 40 டிகிரியில் தடிப்பின் அளவான சென்டிஸ்டோக் எவ்வளவு என்று போட்டிருக்கும், அதை ஒப்பிட்டு வாங்குங்கள். விஸ்காசிட்டி இன்டெக்ஸ் அதிகமாக இருந்தால் குளிரில் தடிப்பது குறையும். மூடிய கார்ட்ரிட்ஜ் டேம்பர் என்றால் ப்ளீட் செய்ய, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றவை

ட்யூப்லெஸ் மாற்றினால் சக்கரத்துக்கு ஒரு ட்யூபின் எடை குறையும், இந்த அளவு டயரில் அது கணிசம். ஒரு டயருக்கு ஓட்டையடைக்கும் சீலன்ட் 120 முதல் 180 மி.லி. ஊற்றுங்கள், உறைநிலைக்குக் கீழும் வேலை செய்யும் வகையாகப் பார்த்து. பளபளக்கும் ஐஸில் எந்தக் காற்றழுத்தமும் பிடிக்காது, உலோக முள் பதித்த ஸ்டட் டயர் ஒன்றே வழி. புது ஸ்டட் டயரை முதல் 40 கி.மீ. தார்ச்சாலையில் திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டினால் ஸ்டட்கள் ரப்பரில் நன்றாக உட்காரும்.

ஃப்ரீஹப்பில் (மிதிக்கும்போது மட்டும் பின் சக்கரத்தைப் பிடிக்கும் பாகம்) கெட்டி கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில் உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் (pawl) ஒட்டிக்கொண்டு பற்களில் விழாது, மிதித்தால் கால் வெறுமனே சுற்றும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய ஆயிலோ குளிருக்கான கிரீஸோ கொஞ்சமாகப் போடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் மினரல் ஆயில் உள்ளவை கடுங்குளிரில் லீவரை மெதுவாகத்தான் திருப்பும், டாட் (DOT) திரவம் உள்ளவை அந்த அளவுக்கு மந்தமாவதில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் வீணாகிவிடும்.

ஓட்டும்போது ஸ்டான்ஷனில் ஐஸ் கட்டினால் நகத்தால் சுரண்டாமல், நின்று கையுறையால் அழுத்தித் துடையுங்கள். ஐஸ் துணுக்கோடு ஃபோர்க் அமுங்கினால் வைப்பர் சீலின் விளிம்பு கிழியும். ஓட்டி முடித்ததும் பனியைத் தட்டிவிட்டு வண்டியைக் குளிரான ஷெட்டிலேயே நிறுத்துங்கள். சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் இரும்பெல்லாம் வியர்க்கும். அந்த ஈரம் கேபிள் உறைக்குள்ளும் ஃப்ரீஹப்புக்குள்ளும் இறங்கி, மறுநாள் வெளியே எடுத்ததும் உறைந்துவிடும். உள்ளே வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் முழுக்க உலரும்வரை, ஒரு இரவாவது, விட்டுவையுங்கள். காலையில் வெளியே நிறுத்தி, குளிர்ந்ததும் காற்றை மறுபடி பாருங்கள்.