நாலு கோடி இலக்க எண்ணைக் கண்ணால் பார்க்காமலே விவரம் சொல்வது எப்படி

மும்பை மாட்டுங்காவில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மடக்கை (logarithm, சுருக்கமாக log) பாடம் வந்தால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பலகையில் 2^136279841 − 1 என்று எழுதுவேன். லூக் டியூரன்ட் என்ற அமெரிக்கர் 2024 அக்டோபரில் கண்டுபிடித்த பகா எண் இது. அதுவரை தெரிந்திருந்த எல்லாப் பகா எண்களையும்விடப் பெரியது. பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சடித்தால் 13,675 பக்கம் வரும். ஜெராக்ஸ் கடைக்காரர் விரட்டிவிடுவார். நமக்கு போனில் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டரே போதும்.

முதலில் எத்தனை இலக்கம் என்று பார்ப்போம். அடுக்கை, அதாவது 136279841-ஐ, log(2)-ஆல் பெருக்குங்கள். 41024319.945 என்று வரும். முழு எண்ணோடு 1 கூட்டினால் 4,10,24,320 இலக்கங்கள். இங்கேதான் பையன்கள் அவசரப்படுவார்கள். log 2-க்கு நாலு இலக்க அட்டவணையில் உள்ள 0.3010 போட்டால் விடை நாலாயிரத்துக்கும் மேல் குறைந்துவிடும். 0.30103 போட்டாலோ சரியாக ஒன்று கூடிவிடும். அதனால் மதிப்பைக் கையால் அடிக்காமல் log பொத்தானையே அழுத்துங்கள்.

1 கழிப்பதால் ஓர் இலக்கம் குறைந்துவிடாதா என்று யாராவது கேட்டால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குறையாது. 1000, 10000 போன்ற எண்ணில் கழித்தால்தான் இலக்கம் குறையும். 2-இன் அடுக்கு எதுவும் பூஜ்ஜியத்தில் முடியாதே!

புள்ளிக்குப் பின்னால் உள்ள 0.945-ஐ வீணாக்க வேண்டாம். 10^0.945 போட்டால் 8.81 வரும். ஆக, நம் எண் 88-இல் தொடங்குகிறது.

அடுத்தது கடைசி இரண்டு இலக்கம். 2-இன் அடுக்குகளில் அவை (4-இல் தொடங்கி) இருபது அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். 136279841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 2^1 இந்தச் சுற்றில் சேராது, ஆகவே 2^21 எடுங்கள்: 20,97,152. கடைசியில் 52, ஒன்று கழித்தால் 51.

பகா எண்தானா என்பது மட்டும் இந்த வழியில் தெரியாது. அதற்கு லூக்கா–லெமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் பூஜ்ஜியம் வந்தால் அது பகா எண். 2^7 − 1, அதாவது 127-க்குப் போட்டுப் பாருங்கள்: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தே படி. பெரியவருக்கு 13 கோடிப் படிக்கு மேல். ஒவ்வொன்றிலும் நாலு கோடி இலக்க வர்க்கம், அதைக் கணினியிடம் விட்டுவிடலாம்.

சரி, வீட்டுப்பாடம்: 2018-இல் கிடைத்த 2^82589933 − 1. விடை 2,48,62,048 இலக்கம், முன்னால் 14, பின்னால் 91. வரவில்லை என்றால் முதலில் 20-ஆல் வகுத்த மீதியைச் சரிபாருங்கள்.