ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையை வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பந்தயத்தில் ஓடி முடித்த குதிரை விற்பனைக்கு வரும்போது அதற்குப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு வயதுதான் ஆகியிருக்கும். நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது என்பதால், வாங்குபவர் தலையில் ஏறுவது இன்னும் இருபது ஆண்டுக் காலப் பொறுப்பாகும். கையில் கொடுக்கும் விலை இந்தக் கணக்கில் மிகச் சிறிய எண்.

விலை ஏன் சிறியதாக இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததால் இந்தத் தொழில் சட்டப்படி நிலைத்தது. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பந்தயம் கட்டும் தொகையின் முழு மதிப்பின் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாக உயர்ந்தது. அதே நாளில் உயிருள்ள குதிரையின் விற்பனைக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் உதகை பந்தய மைதானத்தின் நிலத்தை அரசு 2024இல் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையும் ரத்து செய்யப்பட்டது. வண்டிக்கும் சுமைக்கும் குதிரை தேவைப்பட்ட காலமும் போய்விட்டது. 2012இல் நாட்டில் ஏறக்குறைய 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்திருந்தன. ஓடுகளத்தை விட்டு வெளியே வரும் குதிரைக்கு அடுத்த வேலை எளிதில் அமையாது என்பதையே அந்த மலிவு விலை சொல்கிறது என்பது என் கருத்து.

குதிரையைப் பார்க்கப் போவதற்கு முன்பே தீவனக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பார்த்த பிறகு போடும் கணக்கு ஆசையின் பக்கம் சாய்ந்துவிடும். குதிரை தன் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் உலர்பொருளை, அதாவது ஈரத்தைக் கழித்த தீவனத்தை, நாள்தோறும் உண்கிறது. எடை மேடை கிடைக்காவிட்டால், மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்புட்டம் வரையிலான நீளத்தாலும் பெருக்கி, வரும் எண்ணை 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் எடை 450 கிலோ. அந்தக் குதிரைக்கு நாளொன்றுக்கு 9 கிலோ உலர்புல் வேண்டும். ஆண்டுக்கு அது 3.3 டன்னாகவும் இருபது ஆண்டுகளில் 65 டன்னுக்கு மேலாகவும் ஆகும். பசும்புல்லாகக் கொடுப்பதானால் ஈரத்தின் எடையையும் சேர்த்து நாளுக்கு 40 கிலோ வரை தேவைப்படும். இதை உங்கள் ஊர் விலையால் பெருக்கி, அதனுடன் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் அடிக்கும் கூலி, குடற்புழு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றைச் சேருங்கள். வரும் தொகை கண்ணை உறுத்தினால் இங்கேயே நிறுத்திக்கொள்வது குதிரைக்கும் நல்லது.

மாடு வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தீவனத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். கம்பு நேப்பியர் புல் ஊரெங்கும் கிடைக்கிறது என்று அதையே முழுநேர உணவாக்கினால், அதிலுள்ள ஆக்சலேட் குதிரையின் உடலில் கால்சியம் சேர்வதைத் தடுக்கிறது. பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டை அள்ளிக் கொடுப்பதும் அதே திசையில் கெடுதல் செய்வதால், காலப்போக்கில் முக எலும்பு வீங்கி எலும்புகள் பலவீனமடைகின்றன. இளம் சோளத் தட்டையையும் தவிர்க்க வேண்டும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடியது. எனவே அந்த மூட்டைகளைக் குதிரை லாயத்தின் அருகிலேயே வைக்கக் கூடாது. ஊறவைத்த கொள்ளு நல்ல உணவுதான், ஆனால் புல்லுக்கு மாற்றாகாது. பந்தயக் காலத்தில் தானியம் மிகுதியாகத் தின்று பழகிய குதிரைக்கு இரைப்பைப் புண் இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், புதிய தீவனத்துக்குப் பத்து முதல் பதினான்கு நாட்களில் மெல்ல மாற்ற வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. திடீர் மாற்றத்தால் வரும் வயிற்று வலி சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

அடுத்தது நேரில் பார்ப்பது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் இன்றும் சுழி பார்த்து விலை பேசுபவர்கள் உண்டு. சுழி பார்ப்பதில் தடையில்லை, ஆனால் அதற்கு முன்பு காலைப் பாருங்கள். முன்னங்காலின் பின்புறத் தசைநாரை விரல்களால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வரும்போது வெப்பமோ தடிப்போ வில்போன்ற வளைவோ தட்டுப்பட்டால், அது ஓடுகளத்தில் கிடைத்த காயமாகவே இருக்கும். கெட்டியான தரையில் நேர்கோட்டில் துள்ளுநடை போடச் சொல்லித் தலையின் அசைவைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலியுள்ள குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். வயதைப் பல்லைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டியதில்லை. பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவு புனேயில் உள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியாவிடம் இருப்பதால், குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டையும் கழுத்திலுள்ள மைக்ரோசிப் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியான குதிரைக்குச் சிகிச்சை அளிக்காமல் சட்டப்படி கருணைக்கொலை செய்துவிடுவார்கள், கொடுக்கும் ஈட்டுத்தொகை நல்ல குதிரையின் விலைக்கு ஈடாகாது. இந்தப் பரிசோதனைக்கான தேசிய ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை இன ஆராய்ச்சி மையம். இரத்தம் உறிஞ்சும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டால் வழி தெரியும்.

குதிரையை வைத்துச் சம்பாதித்துச் செலவை ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, வண்டியில் ஓட்டுநரையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து நால்வருக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. நம் கோடைக்கு இந்தக் கடைசி விதி சவாரித் தொழிலின் நாளில் மூன்று மணி நேரத்தை எடுத்துவிடும். சினிமாப் படப்பிடிப்புக்கு அனுப்புவதானால், ஒரு காலத்தில் சென்னையில் இயங்கி இப்போது ஹரியானாவுக்குப் போய்விட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். சவாரி ஏற்றுபவர்கள், ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; வேகத்துக்காக வளர்க்கப்பட்ட மெல்லிய காலுடைய இனத்துக்கு அதற்கும் குறைவாக வைப்பதே முறை. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம், ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு வேளைப் புல்லின் விலைக்கும் குறைவான இந்த அபராதத்துக்கு அஞ்சி யாரும் குதிரையைக் காப்பாற்றப்போவதில்லை. அதனால் விற்பவரிடம், உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

லாயம் கட்ட இடம் பார்க்கும்போது யாரும் பேச விரும்பாத ஒன்றையும் முடிவு செய்துவிடுவது நல்லது. 450 கிலோ உடலை ஆட்களால் தூக்கிப் புதைக்க முடியாது. ஜேசிபி வந்து திரும்பும் அகலமுள்ள பாதையும், கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் விலகிய மேட்டு நிலமும் வேண்டும். மருந்து செலுத்திக் கருணைக்கொலை செய்த உடலை நாய்களும் பறவைகளும் தின்றால் அவையும் மடியும் என்பதால் குழி ஆழமாக இருக்க வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு, அதன் பிறகு தண்ணீர்த் தொட்டி எங்கே என்று யோசியுங்கள்.