வண்டி நின்றால் ஒரு நிமிடம்: என் அனுபவம்

மூன்று நாள் போனது இதில். தண்டவாளத்தில் ஓடும் டிரான்ஸ்ஃபர் வண்டிக்கும், அதை இயக்கும் தொழிற்சாலைக் கணினியான பிஎல்சிக்கும் நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியாக புரொஃபிநெட் என்ற தொழிற்சாலைத் தரவு இணைப்பு. நாளுக்கு இரண்டு மூன்று முறை தொடர்பு அறுந்ததாக ‘பஸ் ஃபால்ட்’ அடித்து வண்டி அப்படியே நிற்கும், அப்புறம் தானாகவே சரியாகிவிடும்.

முதலில் ஆன்டெனா, கேபிள் எல்லாம் மாற்றினேன். பலனில்லை. சிக்னல் மைனஸ் 55 டிபிஎம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தரவு அனுப்பும் இடைவெளியான அப்டேட் டைமை 8 மில்லிசெகண்டிலிருந்து 64 ஆக்கினேன். மூன்று சுழற்சி தவறினால் ஃபால்ட் என்பதால் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன். அதுவும் வீண்.

ஒவ்வொரு ஃபால்ட்டும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒவ்வொரு முறையும் 60 விநாடிக்குச் சற்று மேல். இரைச்சலோ மோதலோ இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. ஆக்சஸ் பாயின்ட் லாகில் ‘ரேடார்’ என்று ஒரு வரி. நான் வைத்திருந்த சேனல் 100 டிஎஃப்எஸ் வகை, அதாவது ரேடாருக்கு வழிவிட வேண்டிய அலைவரிசை. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் சேனலைக் காலி செய்தாக வேண்டும். மாற்றுப் பட்டியலில் இருந்ததும் டிஎஃப்எஸ் சேனல்களே, அங்கேயும் 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகுதான் பேசும். பக்கத்தில் ரேடார் எதுவும் கிடையாது, பொய் அலாரம்தான்.

டிஎஃப்எஸ் அல்லாத சேனல் 36-இல் நிலையாகப் பூட்டி, தானாக மாறுவதை அணைத்தேன். இரண்டு வாரமாக ஒரு ஃபால்ட்கூட இல்லை.