அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றவில்லை

கோவையில் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு மறதி நோய். பொழுது சாய்ந்தால் கூச்சல். “அந்தக் கிழவிய வெளிய போகச் சொல்லு கண்ணு” என்று கையைப் பிடித்துக்கொள்வார். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வரும் என்று சோதித்தோம்; இல்லை. தூக்க மாத்திரையில் பகலெல்லாம் சோர்வுதான் மிச்சம். வேறு இல்லத்துக்கு முன்பணம் கட்ட இருந்தேன். புது இடம் குழப்பத்தைக் கூட்டலாம் என்றார் டாக்டர்.

சரி என்று ஒரு சாயங்காலம் அம்மா கட்டிலிலேயே உட்கார்ந்து பார்த்தேன். டியூப்லைட் போட்டதும் எதிர் ஜன்னல் கண்ணாடியில் அம்மாவின் முகம்! பகலில் அதில் வெளியே நிற்கும் வேப்பமரம்தான் தெரியும், அதனால் யாருக்கும் பிடிபடவில்லை. இருட்டுவதற்கு முன்பே கெட்டித் திரையை இழுத்துவிடச் சொன்னேன். கிழவி போய்விட்டாள். பீரோ கண்ணாடிக்கும் துணி போட்டாயிற்று. ஆள் மாறும் நாளில் திரையை மறந்துவிடுகிறார்கள். சுவிட்ச் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.