சிவப்பு எஃப்40: 1/24 அளவு பிளாஸ்டிக் மாதிரிக் காரைக் கட்டிப் பெயிண்ட் அடிக்கும் முறை

பீரங்கி வண்டியோ போர் விமானமோ கட்டுகிறவருக்குச் சேறும் துருவும் புகைக்கறையும் துணைக்கு வரும். பெயிண்டில் நேர்ந்த சிறு பிழையை ஒரு கைப்பிடி அழுக்கால் மறைத்துவிடலாம். கார் கட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஷோரூமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தது போல அது மின்ன வேண்டும் என்பதால், கூரையில் ஒட்டிய ஒரே ஒரு தூசியும் முதல் பார்வையிலேயே கண்ணில் படும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பாடிக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றியே இருக்கும். எஞ்சின், சேஸிஸ் போன்றவற்றைக் கிட்டுடன் (பாகங்கள் பிரித்து அடுக்கிய பெட்டியுடன்) வரும் விளக்கத்தாளே நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தாமியா நிறுவனத்தின் 1/24 அளவு (உண்மைக் காரின் நீளத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்கு) ஃபெராரி எஃப்40 கிட்டை எடுத்துக்கொள்கிறேன். ஃபெராரி நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 1987இல் அறிமுகமான கார் இது. என்சோ ஃபெராரி உயிருடன் இருந்தபோது வெளியான கடைசிச் சாலைக் காரும் இதுதான். மாதிரியின் நீளம் சுமார் 18 சென்டிமீட்டர் வரும், அதாவது உள்ளங்கையிலும் விரல்களிலும் அடங்கிவிடும். கூர்மையான விளிம்புகள், ஏராளமான காற்றுத் துளைகள், சிவப்பு நிறம் என்று ஒரு தொடக்கக்காரர் கற்க வேண்டிய சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரே பாடியில் இருக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ப்ரைமர் எனும் அடிப்பூச்சு, நிறம், கிளியர் எனும் நிறமற்ற மேல்பூச்சு மூன்றும் சேர்ந்து உங்கள் மாதிரியின் மீது 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறியிருந்தால், அது உண்மைக் காரின் மீது 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் அப்பியதற்குச் சமம். கதவின் இடுக்குகள் தூர்ந்துபோவதும், கூர்மையான விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கிவிடுவதும் இதனால்தான். உண்மையான எஃப்40இன் பெயிண்ட் மிக மெல்லியது. அதன் அடியில் இருக்கும் கார்பன், கெவ்லர் நெசவு வெளியே தெரிவது அந்தக் காரின் அடையாளங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. அந்த மெல்லிய தன்மையை நாம் எட்ட முடியாது என்றாலும், இனி நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அதை நோக்கியதே.

கிட்டைத் திறந்ததும் பாடியையும் உதிரிகளையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய டூத்பிரஷால் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து பிரிவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப் பசை எஞ்சியிருந்தால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. உதிரிகளை அவை கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரிக்கும்போது ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் வெளிறிக் குழிந்துவிடும். முதலில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிப்பர் எனும் சிறு வெட்டுக்குறட்டால் வெட்டி, மிச்சத்தைக் கூரிய கத்தியால் சீவி, அதன் பிறகு வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால்; எண் கூடக் கூட நயமாகும்) தேய்க்க வேண்டும்.

அடுத்ததாகப் பாடியை மேசை விளக்கின் கீழே சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். அச்சின் இரு பாகங்கள் சந்தித்த இடத்தில், முன் மட்கார்டின் மேலும் ஜன்னல் தூண்களிலும் மயிரிழை போன்ற ஒரு கோடு ஓடுவது தெரியும். உண்மைக் காரில் இல்லாத கோடு இது. 600 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, விரலால் நேரடியாக அழுத்தாமல் சிறு ரப்பர் துண்டில் சுற்றித் தேய்த்து, 1000 எண்ணில் முடியுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். பெயிண்ட் அடித்துப் பளபளப்பு ஏறிய பிறகுதான் அது கண்ணுக்குப் புலப்படும். குழிவுகள் இருந்தால் பட்டி பூசி, ஒரு நாள் காயவிட்டு மட்டமாக்குங்கள். அதன் பின் கதவு, பானெட் இவற்றின் இடுக்குகளில் கோடு கீறும் கருவியையோ கத்தி முனையின் முதுகையோ மெதுவாக நான்கைந்து முறை ஓட்டி அவற்றை ஆழமாக்குங்கள். பெயிண்ட் எடுத்துக்கொள்ளப்போகும் இடத்தை முன்கூட்டியே தோண்டிவைக்கும் வேலை இது. பலர் தவிர்த்துவிடும் படியும் இதுதான். தவிர்த்த மாதிரியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

பெயிண்டுக்கு முன் பாடி, சேஸிஸ், கண்ணாடி, உள்ளறை ஆகிய நான்கையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பெயிண்ட் ஏறிய பிறகு அழுத்தித் திணிக்க நேர்ந்தால் விளிம்பு பெயர்ந்துவிடும்.

இனி பெயிண்டின் வகைகள். மாதிரிக் கார் பாடிக்கு, கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயிண்டான லேக்கரே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அது மெல்லிசாகப் படியும், விரைவாகக் காயும், கடினமாகி மெருகேற்றலைத் தாங்கும். தாமியாவின் டிஎஸ் வரிசை ஸ்ப்ரே கேன்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை. எஃப்40க்கு டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் பொருந்தும், மேல்பூச்சுக்கு டிஎஸ்-13 கிளியர். ஸ்ப்ரே கேன்களை விமானத்தில் அனுப்புவதற்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எளிதல்ல. கிடைக்காதவர்கள் தாமியா எல்பி, மிஸ்டர் கலர் போன்ற பாட்டில் லேக்கர்களை வாங்கி ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவியில்) அடிக்கலாம். டிங்கரிங் பட்டறையில் பயன்படும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டையும் தின்னரையும் நேரடியாகப் பாடியில் அடித்துவிடாதீர்கள். அந்தத் தின்னர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அரித்து, காய்ந்த குளத்து மண் போல வெடிக்க வைத்துவிடும்.

லேக்கர் ஆவி உடலுக்குக் கெடுதியானது, எளிதில் தீப்பற்றக்கூடியது. துணி முகக்கவசம் தூசியை மட்டுமே ஓரளவு தடுக்கும். ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் அருகில் இல்லாதபோது மட்டுமே அடியுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் எந்தச் சமரசமும் கூடாது.

ப்ரைமரைப் பொறுத்தவரை, சிவப்பு நிறத்துக்கு அடியில் சாம்பல் ப்ரைமர் போட்டால் நிறம் மங்கி உலர்ந்த மிளகாய் போலத் தோன்றும். வெள்ளை ப்ரைமரில் சிவப்பு பளிச்சென்று வரும், ஆனால் விளிம்புகளில் மூடுவதற்கு அதிகக் கோட் தேவைப்படும். இளஞ்சிவப்பு ப்ரைமர் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று குறைந்த கோட்டிலேயே முழுச் சிவப்பைத் தருகிறது. கோட் குறைந்தால் கனமும் குறைகிறது. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட பாடியை வேறு வெளிர் நிறத்தில் அடிக்க விரும்பினால் கவனம் தேவை. பிளாஸ்டிக்கின் சாயம் லேக்கரில் கரைந்து மேலே ஊறி, வெள்ளைக் காரை ரோஸ் காராக்கிவிடும். அத்தகைய கிட்டில் முதலில் வெள்ளிப் பெயிண்டை ஒரு கோட் அடித்துத் தடுப்பு ஏற்படுத்திய பிறகே மேலே போக வேண்டும்.

அடிக்கும் முறைக்கு வருவோம். ஸ்ப்ரே கேனைக் குலுக்கிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். துளிகள் பொடியாக விழும். கொதிநீரிலோ தீயிலோ சூடாக்கினால் கேன் வெடிக்கும். முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பழகுங்கள். காரின் வளைவும் ஸ்பூனின் வளைவும் ஒத்தவை, ஸ்பூன் வீணானால் வருத்தமும் இல்லை. பாடியை ஒரு கைப்பிடியில் பொருத்தி, இருபது சென்டிமீட்டர் தள்ளிக் கேனைப் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடியைக் கடந்த பிறகே விரலை எடுங்கள். முதல் இரண்டு கோட்டுகள் பனி படிந்தது போல மெல்லிசாக, அடியில் உள்ள ப்ரைமர் தெரியும்படியே இருக்கட்டும். விளிம்புகளையும் காற்றுத் துளைகளின் உட்புறத்தையும் முதலில் அடித்துவிட்டு, பெரிய பரப்புகளுக்குப் பிறகு வாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே இருபது நிமிடம் விட்டு, மூன்றாவது கோட்டை மட்டும் சற்று ஈரமாக, மேற்பரப்பு ஒன்றுகூடிக் கண்ணாடி போல ஆகும் அளவுக்கு அடியுங்கள். அந்த ஒரு நொடியைக் கண்ணால் பிடிப்பதுதான் இந்தக் கலையின் மையம். விளக்கின் பிம்பம் பாடியில் முதலில் மணல்மணலாகக் கலங்கியிருக்கும். ஈரம் கூடக் கூட அதன் ஓரம் தெளிந்து நேர்கோடாகும். தெளிந்தவுடன் கை நகர்ந்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கதவின் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு தொங்கும்.

ஈரக்காற்று லேக்கரின் எதிரி. கடலோர ஊர்களில், குறிப்பாகச் சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் அடித்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயிண்டின் மேல் படிந்து, மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துவிடும். மழை விட்ட நாளின் வெயிலேறிய பின்காலைப் பொழுது வரை காத்திருங்கள். பூத்துவிட்டால் உடனே மேலும் மேலும் அடிக்காமல் காயவிட்டு, காற்று உலர்ந்த நாளில் மெல்லிய ஈரக் கோட் ஒன்றை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நிறம் காய்ந்த பின் டெக்கல்களை (எண்ணும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படங்களை) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஒட்டி, வளைவுகளில் மென்மையாக்கும் திரவம் தடவி, ஒரு நாள் விடுங்கள். லேக்கர் கிளியர் டெக்கலைத் தின்றுவிடக்கூடியது. ஆகவே டெக்கல் உள்ள இடத்தில் முதல் மூன்று கிளியர் கோட்டுகள் கிட்டத்தட்ட உலர்ந்தே விழ வேண்டும். இந்தப் பொறுமையை இழந்து முதல் கோட்டையே ஈரமாக அடித்த ஒரு மாலையில், கதவில் ஒட்டிய பந்தய எண் என் கண் முன்னே கோழித்தோல் போலச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய வழியில்லை. பாடி முழுவதையும் உரித்து மறுபடி தொடங்கினேன்.

கிளியர் அடித்து முடித்ததும் ஒரு வாரம் தூசி படாத டப்பாவில் மூடி வையுங்கள். காய்ந்ததா என்று அறிய மூக்கே போதும்: பாடியை முகர்ந்தால் பெயிண்ட் வாடை வரும் வரை அது காயவில்லை. வாடை நின்ற பின் 2000, பிறகு 3000 எண் வாட்டர் பேப்பரை ஒரு துளி சோப்பு நீரில் நனைத்து, ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் மறையும் வரை மட்டும் தேயுங்கள். எஃப்40இன் கூர்மையான விளிம்புகளிலும் பின் இறக்கையின் முனைகளிலும் கிளியர் எப்போதும் மெல்லிசாகவே நிற்கும். அங்கே நான்கு தேய்ப்பில் நிறம் வெளுத்து இளஞ்சிவப்பு ப்ரைமர் தெரிந்துவிடும். விளிம்புகளின் மேல் முதலிலேயே மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பு. தேய்த்த பரப்பு மங்கலாக இருக்கும், பதற வேண்டாம். தாமியாவின் சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி காம்பவுண்டுகளை (மெருகுப் பசைகளை) இந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மைக்ரோஃபைபர் துணியால் சிறு சிறு பரப்பாக மெருகேற்றினால், வெள்ளை மூடிக்கு வரும்போது ஜன்னல் கம்பிகளைப் பாடியில் எண்ணிவிடலாம்.

இடுக்குகளில் நிழலுக்காக எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) திரவம் விடும்போது கறுப்பைத் தவிருங்கள். சிவப்புக் காரில் கறுங்கோடு கேலிச்சித்திரம் போலத் தெரியும். அடர் பழுப்பு இயல்பாக இருக்கும். லேக்கரின் மேல் எனாமல் வரலாம், எனாமலின் மேல் லேக்கர் வரக்கூடாது என்ற வரிசையை எப்போதும் காத்துக்கொள்ளுங்கள்.

உள்ளறை விரைவில் முடியும். எஃப்40இல் கம்பளம் கிடையாது, ரேடியோ கிடையாது, கதவைத் திறக்க ஒரு வெறும் கயிறுதான். அந்தக் கயிற்றுக்கு ஒரு மெல்லிய கறுப்பு நூலை ஒட்டிப் பாருங்கள். கிட்டில் வரும் எந்த உதிரியையும்விட அது உயிரோடு தெரியும். இருக்கைகளுக்குப் பளபளப்பில்லாத சிவப்பு, டாஷ்போர்டுக்குச் சாம்பல்.

கண்ணாடிகளை ஒட்டச் சூப்பர் க்ளூவை நெருங்கவிடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியை வெண்புகை போல மூடிவிடும். வெள்ளைப் பசையே போதும், வழிந்தால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம். ஜன்னல் ஓரத்தின் கறுப்பு ரப்பரைக் கண்ணாடியின் உட்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அரைப் பளபளப்புக் கறுப்பில் அடியுங்கள்.

பாடியைச் சேஸிஸின் மேல் இறக்கும்போது கைக்குப் பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த மாதிரியை வெயில் நேரடியாகப் படாத அலமாரியில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பல சிவப்பு நிறமிகள் வெயிலில் வெளுக்கும். சில பழைய கிட்களின் வினைல் டயர்கள் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தால் அதை இளக்கிப் பள்ளம் விழச் செய்யும். அப்படிப்பட்ட காரின் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சன்னமான அலுமினியத் தாளைச் சுற்றி, பெட்டியின் தளத்தில் டயர் படும் நான்கு இடங்களிலும் சிறு கண்ணாடித் துண்டு வைத்து நிறுத்துங்கள்.