பி கம்பியை மழுங்கடித்த சிவப்பு நூல்
கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி விரிந்த ஐந்து கம்பி பேஸ் கிட்டார் வாங்கினேன். ஜி கம்பியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம், தடித்த பி கம்பிக்கு 37. புதுக் கம்பி செட் மாட்டியதும் பி மட்டும் ‘தொப்’பென்று மழுங்கி ஒலித்தது, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியும் விலகியது. கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் திருகி, உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சேடிலை உயர்த்தி, ஒலியை வாங்கும் பிக்கப்பை இறக்கி, பேட்டரிகூட மாற்றிப் பார்த்தாச்சு. நாலு நாள் வீண்.

அப்புறம்தான் கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் படியும் நட்டைக் குனிந்து பார்த்தேன். கம்பி நுனியில் சுற்றியிருக்கும் சிவப்பு நூல், கம்பியை முறுக்கும் ட்யூனர் பக்கமே நிற்க வேண்டியது, நட்டைத் தாண்டி முதல் ஃப்ரெட்டை நோக்கி அரை அங்குலம் வந்திருந்தது. நான் போட்டது 34 அங்குல கிட்டாருக்கான செட். நூல் சுற்றிய இடத்தில் கம்பியும் மெலிந்துவிடும், பிறகு எப்படி ஒலிக்கும்?

கூடுதல் நீள பி கம்பி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன், சரியாகிவிட்டது. வாங்கும்போது, சேடில் பக்கம் மாட்டும் குண்டு முனையிலிருந்து நூல் தொடங்கும் இடம்வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். சேடிலுக்குப் பின்னால் போகும் துண்டையும் 37-உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.